மொகலாயரும் ஒரு ஜும்ஆவும்

"அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம். மொகலாயர் பற்றிப் பேசினேன். கோரிக்கை மறுக்கப்பட்டது." யுத்தம் முடிந்த மூன்றாம் வருட நாட்குறிப்பில், ஹிஜ்ரித் தேதியும் ஆங்கிலத் தேதியும் இட்டு, அன்றைக்கு நான் எழுதியது இவ்வளவுதான்.

பாலாவிக்கு அப்பால் எங்கள் ஊர். தொண்ணூறில் யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள் ஊர் எல்லையில் குடியேறிச் சிறிய பள்ளிவாசல் ஒன்று கட்டியிருந்தார்கள். ஐவேளைத் தொழுகையும் அங்கே நடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் எங்கள் பெரிய பள்ளிக்கு வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். நடந்து வந்து சேர்வதற்குள் உள்ளே இடமிருக்காது. அவர்களுடைய முதியவர்கள் முற்றத்துச் சுடுமணலில் தொழுவார்கள். தங்கள் பள்ளியிலேயே ஜும்ஆ நடத்த அனுமதி கேட்டு அவர்களில் ஒருவர், மீன் வியாபாரி, கூட்டத்துக்கு வந்திருந்தார்.

நான் பெரிய பள்ளியின் நிர்வாக உறுப்பினன். வரலாறு வாசிப்பவன் என்ற பெயரும் உண்டு.

"மொகலாயர்ட டெல்லி ஏன் விழுந்துச்சு? வங்காளத்துலயும் ஹைதராபாத்துலயும் இருந்த சுபேதார்மார், குத்பாப் பிரசங்கத்துல பாதுஷாட பேர எடுத்துட்டுத் தங்கட பேரப் போட்டாங்க. ஒரு ஊருக்கு ரெண்டு மிம்பர் மேடை வந்தா நம்மட கதையும் அதுதான்," என்றேன்.

"நானா கதைச்சா கிதாபு கதைச்ச மாதிரி," என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

"காக்கா, நாங்க ராச்சியம் கேக்கல்ல," என்றார் மீன் வியாபாரி என்னிடம். "எங்கட வாப்பாட கால் கொப்புளிச்சுப் போச்சு. நிழல்தான் கேக்கிறம்."

"அப்ப வாப்பாவ சப்பாத்து போட்டுத் தொழச் சொல்லுங்க!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் "ஓம் காக்கா, சரி," என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னது நேர்மாறு. அந்த ஆளுநர்கள் வரியையும் படையையும்தான் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். நாணயத்திலும் குத்பாவிலும் பாதுஷாவின் பெயரை நெடுங்காலம் விடவில்லை. ஹைதராபாத்தில் கடைசி பாதுஷா வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது. டெல்லியை யாரும் மிம்பரில் ஏறி வீழ்த்தவில்லை.

அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொன்னேன்.

"அது இந்தியாட கதை நானா, நம்மட பள்ளிக்கு என்னத்துக்கு?" என்றார் தலைவர். நானும் மற்றவர்களோடு அடுத்த விஷயத்துக்குப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே தொழுதேன். வெளியே வரும்போது மீன் வியாபாரியின் வாப்பா மணலில் இருந்தார். எனக்கு ஸலாம் சொன்னார். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் பெரிய பள்ளியே ஒரு காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் கேட்காமல் ஜும்ஆ தொடங்கியது என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். இதற்கு எழுத்துச் சான்று எதுவும் நான் காணவில்லை. உண்மையா என்று இன்றுவரை தெரியாது.