ஜீவராணியின் சோக்

இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜீவராணி வேண்டுமென்றேதான் பஸீரின் ஹாட்வெயார் கடைக்கு முன்னால் பைக்கை நிற்பாட்டுகிறாள் என்று குழாயடியில் கதை கட்டியவர்கள், ஒருநாளாவது வந்து அதைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்களா? தள்ளியது பஸீர். அவனுக்கு மூச்சு வாங்கினால் மறுபக்கம் பிடித்துத் தள்ளியது அவனுடைய பெண்சாதி ருஷ்தா. களவாகப் பழகுகிறவன் பெண்சாதியையும் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்வானா?

ஜீவராணி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாள். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை நிற்க வேண்டும், உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. நுகேகொடையில் ஒரு பார்சல் கொம்பனிக்குச் சொந்த பைக் உள்ள பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டதும், கழுத்துச் சங்கிலியை விற்றுப் பழைய பைக் ஒன்றை வாங்கிவிட்டாள். நான் ஏசினேன்தான். தங்கத்தைக் கொடுத்து இரும்பு வாங்குவார்களா?

"உக்காந்துக்கிட்டே செய்யிற வேல பாட்டி" என்றாள்.

அந்த பைக் வீட்டு வாசலில் நல்ல பிள்ளை. உடனே ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் நின்று பூனை மாதிரி உறுமும். கோயிலடி ஏற்றத்தில் கைப்பிடியை முறுக்கி வேகம் கேட்டால் மட்டும் இருமும், குலுங்கும், கறுப்பாகப் புகையைக் கக்கிவிட்டு அடங்கிவிடும். அந்த ஏற்றத்தின் நடுவில்தான் பஸீரின் கடை. கடையை அங்கே கட்டச் சொன்னது ஜீவராணியா?

திங்கட்கிழமை கொம்பனிக்காரருக்கு முன்னால் சுமை ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். இடையில் நின்றால் வேலை இல்லை.

பேதுருவின் கராஜுக்கு அதற்குள் இரண்டு தரம் போய்விட்டாள். முதல்முறை பிளக் கரி பிடித்திருக்கிறது என்று புதிது போட்டான். அடுத்த முறை எயார் பில்டரை மாற்றினான். புதுப் பிளக்கும் கரியானது. சனிக்கிழமை நானும் கூடப் போனேன். விட்டால் அவன் பைக் முழுவதையும் மாற்றிவிடுவான் என்ற பயம் எனக்கு.

பேதுரு வேறொரு வண்டிக்குக் கீழே தலையை வைத்தபடியே கேட்டான்.

"சோக் எப்படி, தங்கச்சி?"

"சோக்கா இருக்குண்ணே."

"அப்ப என்னெண்டு கரி பிடிக்குது?"

"எனக்கென்ன தெரியும். நான் சோக்காத்தானே இருக்கேன்."

பேதுரு தலையை வெளியே எடுத்தான். "உன்னைக் கேக்கேல்ல. பைக்கின்ர சோக். அந்தத் தடியைக் கீழ தள்ளிவிட்டுத்தானே ஓடுறனீ?"

"அப்படி ஒரு தடி இருக்கா?"

போன இரண்டு முறையும் அவன் இதையேதான் கேட்டிருக்கிறான். இவளோ, நல்ல மரியாதையான மனிதர், போகும்போதெல்லாம் சுகம் விசாரிக்கிறார் என்று என்னிடமும் சொல்லியிருந்தாள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் எடுக்க மட்டும் மேலே தூக்கி, சூடானதும் இறக்கிவிட வேண்டிய சின்னத் தடியாம் அது. வாங்கிய நாளிலிருந்தே மேலேதான் நின்றிருக்கிறது. காற்றை அடைத்துக்கொண்டு பெற்றோலை மட்டும் ஊற்றினால் எந்த இன்ஜின்தான் ஏற்றம் ஏறும்?

நீயாவது பார்த்திருக்கக் கூடாதா என்று பேதுருவைக் கேட்டேன்.

"வண்டிக்காரியே சோக்கா இருக்கு எண்டு சொல்லேக்க, நான் என்னத்தைப் பாக்கிறது ஆச்சி" என்றான். துருப்பிடித்திருந்த தடிக்கு எண்ணெய் விட்டு இறக்கினான். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலடி ஏற்றத்தில் ஏறினாள். பைக் இருமவில்லை. நான்தான் கத்தினேன்.

திங்கட்கிழமை வேலை கிடைத்துவிட்டது. விடியுமுன்னமே பார்சல் ஏற்ற வேண்டும் என்பதால் நுகேகொடையிலேயே அறை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். இங்கிருந்தே போய் வரலாமே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. போகிற அன்று பையை முதுகில் மாட்டி, வீட்டுக்குள்ளேயே ஹெல்மட்டையும் போட்டுக்கொண்டு என் காலைத் தொட்டாள். பஸீரை இனி யார் பார்ப்பது என்று வாசலுக்கு எதிரே குழாயடியில் ஒருத்தி சொன்னது ஹெல்மட்டுக்குள் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஜீவராணி வாசலைத் தாண்டிவிட்டாள்.