பூட்சுக்குக் கட்டிய வேப்பிலை

எங்கள் வீட்டு வாசல் எரவாணத்தில் பூட்சுகள் தொங்கிய பகல் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எல்லாம் பையன்கள் போடும் பூட்சு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வேப்பிலைக் கொத்து. காற்றுக்கு மெதுவாகத் திரும்பும், நிற்கும், மறுபடி திரும்பும். மஞ்சள் தண்ணீர் எப்போதாவது ஒரு சொட்டு மண்ணில் விழும். இப்போது என் பேத்தி, பூட்சு நாற்றம் போகத் தன் மகனுடைய விளையாட்டுப் பைக்குள் எதையோ புஸ்ஸென்று அடிக்கிறாள். ஒரு நிமிட வேலை. எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதுசு. என் வீட்டுக்காரர் தெற்குவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். முன்னால் பட்டாளத்தில் இருந்தவர். பந்து விளையாட ஒரு செட்டு பூட்சுதான் பள்ளிக்கூடத்தில் உண்டு. எல்லாப் பையன்களும் அதையேதான் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எல்லார் காலும் வேர்க்கும், யாரும் துடைத்து வைப்பதில்லை. அந்த நாற்றம் பையன்களோடு வீடு வரைக்கும் போனது. செத்த மாட்டைச் சுமந்து வந்த மாதிரி இருக்கிறது என்று தாய்மார்கள் பெரிய வாத்தியாரிடம் போய்ச் சொன்னார்கள். முதலில் போனது எங்கள் எதிர்வீட்டு அக்கா. அவள் மகன்தான் கோல் காக்கிறவன். சனிக்கிழமை பரவை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆட வருகிறார்கள், அதற்குள் நாற்றம் போகாவிட்டால் பந்தாட்டமே வேண்டாம் என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அந்த ஆட்டம்தான் உயிர். வியாழக்கிழமை பூட்சுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன்.

"என்ன புள்ள, அம்புட்டு நாறுதா?"

"இல்லீங்க. கண்ணுதான் எரியுது."

சிரித்தார். தண்ணீரில் முக்கினால் தோல் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும் என்றார். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து உள்ளே துடைத்தோம். வெளியே விளக்கெண்ணெய் தடவினோம். வெயிலில் போடக் கூடாது, நிழலில் காற்றாட வேண்டும். வீட்டுக்குள் காற்று இல்லாததால் தெருப்பக்கம் கட்டினோம். வேப்பிலை செருகியது அவர் யோசனை.

வெள்ளிக்கிழமை தெரு அப்படி ஒரு அமைதியாக இருந்தது. மோர்க்காரி கூவவில்லை. பிள்ளைகள் சத்தம் இல்லை. வருகிறவர்கள் எதிர்ச் சாரியில் ஓரமாகப் போனார்கள். ஒரு கிழவர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். யாரோ படியில் இரண்டு இளநீர் வைத்திருந்தார்கள். புதுப்பெண் என்று பிரியமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேப்பங்காற்றில் அப்படியே கண் சொக்கியது. எங்கள் அவனியாபுரத்துக் கண்மாய்க்குள் தண்ணீருக்கு அடியில் நடந்து போகிற மாதிரி ஒரு கனவு. யாரும் எழுப்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மைதானத்திலிருந்து அவர் வேர்க்க வேர்க்க வந்தார்.

"பரவைப் பயலுக வண்டியில வந்து எறங்கிட்டாங்ய. நம்ம பயலுக ஒருத்தனும் வரல. நம்ம வீட்டுல அம்மை போட்டிருக்காம்."

இரண்டு பேரும் மேலே பார்த்தோம். வாசலில் வேப்பிலையும் மஞ்சளும் இருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? பெரியம்மை என்றால் அப்போது தெருவே நடுங்கும். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நோயாளியைத் தூக்கிப் போகிற முனிசிபாலிட்டிக்காரனுக்குப் பயந்து மறைக்கிறார் என்று உள்ளிருந்தே சொன்னார்கள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்துக்குப் போய் வந்த மனுஷர் அப்படித் தலையைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததில்லை.

நான் உள்ளே போனேன். கரி அடுப்பைத் தூக்கி வந்து வாசலில் வைத்தேன். சட்டி காய்ந்ததும் எண்ணெய் ஊற்றி நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டேன். அம்மை கண்ட வீட்டில் கடுகு தாளிக்கக்கூட மாட்டார்கள். கருவாடு வாசலுக்கே வராது. புகை எழும்பி, பூட்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, அவசரமே இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தது. ஒவ்வொரு கதவாக அது போய் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கதவு திறந்தது.

"அடி பாதகத்தி! ஆத்தாள வீட்டுல வச்சுக்கிட்டு என்னத்தடி பொரிக்கிற?"

"ஆத்தா இல்லக்கா. பூட்சு."

அக்கா தெருவைத் தாண்டி வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். வேப்பிலையை உருவினாள். பூட்சுக்குள் எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் வச்ச எளநி?"

"குடிச்சிட்டேன்க்கா."

அவள் சிரித்த சிரிப்பில்தான் மற்றக் கதவுகளும் திறந்தன.

பையன்கள் ஆளுக்கொரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம். மைதானத்தில் பெரிய வாத்தியார் ஒரு பூட்சை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது.

"என்ன வாத்தியாரே, மாடு போயி மீனு வந்திருக்கு?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். கருவாட்டுப் புகை பூட்சில் ஏறும் என்று அடுப்பை மூட்டும்போது நான் யோசிக்கவே இல்லை. அக்காதான் முன்னால் போனாள்.

"கருவாடு எங்க வீட்டுல தெனம் அடிக்கிற வாசந்தான் அய்யா. இதுக்கு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

பின்னால் நின்ற பெண்கள் ஆமாம் என்றார்கள். பெரிய வாத்தியார் பூட்சைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஆரம்பிங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.  ஊதினார்.