புல்வேர் என்று எழுதிய கார்டு

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தபோது எங்கள் டெபுடி டைரக்டர் என் மேசைக்கு வந்து நின்றார். அவர் நம்மைத் தேடி வந்தால் நல்ல செய்தியாக இருக்காது. திருத்தணி மலையடிவாரத்தில் புதிதாக ஒரு காட்சிக் கூடம் திறக்கிறார்கள், காவடிக் கூட்டம் வரும் சமயத்தில் திறந்தால்தான் நாலு பேர் பார்ப்பார்கள், ஷோகேஸ் எல்லாம் வந்துவிட்டது, நடுவில் வைக்க ஒரு நல்ல பொருள்தான் இல்லை என்றார்.

"கே.ஜி.கண்டிகைல ஏதோ வெண்கலக் கிண்ணம் கெடச்சிருக்காம். உங்க ஊர்ப்பக்கம்தானேம்மா, போய் எடுத்துகினு வா. கிருத்திகைக்குள்ள பளிச்சுனு ஆக்கிடணும்."

அப்போது நான் அருங்காட்சியக லேபில் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பழைய பொருள்கள் மேலும் கெடாமல் காப்பதுதான் எங்கள் வேலை. கன்சர்வேஷன் என்போம். பளிச்சென்று ஆக்குவது எங்கள் வேலை இல்லை என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். வகுப்பெடுக்க என்ன, வாய்தானே. உள்ளுக்குள் எனக்கும் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கும். எங்கள் வீட்டில் கிருத்திகைக்கு முந்தின நாள் வெண்கலப் பானை, பித்தளைச் சொம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாக வேண்டும். ஓரத்தில் களிம்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அம்மா திருப்பிக் கையில் கொடுத்துவிடுவாள். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தும் அந்தக் கை மாறவில்லை.

முறத்தில் வந்த கிண்ணம்

முனிரத்தினம் என்ற விவசாயியின் நிலம் அது. மேட்டைச் சமன்படுத்த ஜே.சி.பி. விட்டிருக்கிறார். வட்டமாக அடுக்கிய கற்கள் பெயர்ந்து, அதன் கீழே ஒரு பெரிய தாழி உடைந்து, உள்ளிருந்து கிண்ணம் உருண்டு வந்திருக்கிறது. செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காலத்துப் பொருள். வேறு ஆளாக இருந்தால் பழைய பாத்திரக் கடைக்குப் போயிருக்கும். அவர் வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எங்கள் ஆபீஸிலிருந்து ஆள் வரும் வரை மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்.

நான் போனபோது அவருடைய மனைவி கோவிந்தம்மாள்தான் கிண்ணத்தை ஒரு முறத்தில் வைத்து, முறம் ஆடாமல் எடுத்து வந்தார். பிறந்த ஊர் அம்மையார்குப்பம். கல்யாணத்துக்கு முன் பதினோரு வருடம் கூலிக்குத் தறியில் உட்கார்ந்தவர். சொந்த மாமன் மகனைக் கட்டியதால் கணவரைப் பாவா என்றுதான் சொல்வார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று அவரிடம் பேர்கூடக் கேட்கவில்லை.

கிண்ணம் முழுக்கப் பச்சைக் களிம்பு. அடிப்பக்கத்தில் மண்ணும் பச்சையும் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பாக ஒட்டியிருந்தது. நான் நியூஸ் பேப்பரில் சுற்றப் போனபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அடியில துணி ஒட்டிகினு இருக்குது மேடம். பாத்து எடுத்துகினு போங்க."

துணி மண்ணில் ரெண்டு வருஷம்கூடத் தாங்காதும்மா, அது புல்வேர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அவர் உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வந்து, பேப்பருக்கு மேல் தானே சுற்றிக் கொடுத்தார்.

மூன்று நாள் தொட்டியில்

முறைப்படி செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க வேண்டும். முதலில் பொருளை ஆறு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு பூதக்கண்ணாடியில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து, கண்டதை எல்லாம் கண்டிஷன் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் ஸ்கால்பெல் கத்தியால் சுரண்டத் தொடங்கலாம். அந்தக் கிண்ணத்துக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

என்னிடம் இரண்டு வாரம்தான் இருந்தது. மேலிருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்தேன். கேமராவில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதியை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து அன்று மாலையே கிண்ணத்தை ரோஷெல் சால்ட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்த தொட்டியில் இறக்கிவிட்டேன். களிம்பைக் கரைக்கும் கரைசல் அது. நாளைக்கு எடுக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரம் என்று பெயர் வைத்துவிட்டால் தெரிந்ததும் தெரியாததாகிவிடுகிறது.

கோவிந்தம்மாளிடம் நான் சொன்னது பாதிதான் உண்மை. வெறும் மண்ணில் துணி தாங்காது. ஆனால் செம்போ வெண்கலமோ ஒட்டிக் கிடந்தால் அதன் உப்பு இழைக்குள் ஊறிவிடும். பூச்சி அரிக்காது. நூல் மக்கிப் போனாலும் அதன் வடிவம் களிம்பிலேயே உறைந்து நிற்கும். எங்கள் பாடத்தில் ஆரம்பத்திலேயே வருவது இது. நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். அடியிலிருந்த தடிப்பு இளகி உதிர்ந்தது. தொட்டியில் பழுப்பாக நார்நாராய்க் கொஞ்சம் மிதந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தேன். இரண்டொரு நொடிதான் பார்த்தேன். பிறகு தொட்டியைச் சிங்க்கில் கவிழ்த்தேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டிரீட்மென்ட் கார்டு உண்டு. மேற்பரப்பில் படிந்திருந்தவை என்ற கட்டத்தில், மண், களிம்பு, புல்வேர் என்று எழுதினேன். கிண்ணம் தங்கம் மாதிரி ஆகியிருந்தது. டெபுடி டைரக்டர் அதைக் கையில் வாங்கித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

கிருத்திகை அன்று

கூடத்தைத் திறந்து வைத்துவிட்டு வி.ஐ.பி.க்கள் போய்விட்டார்கள். மலையிலிருந்து இறங்கியவர்கள் மொட்டையில் சந்தனத்தோடு வரிசையாக உள்ளே வந்தார்கள். அதில் முனிரத்தினமும் கோவிந்தம்மாளும் இருந்தார்கள். தங்கள் நிலத்துக் கிண்ணத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். கண்டெடுத்த ஊர் என்று கே.ஜி.கண்டிகை பேர் லேபிளில் இருந்ததில் முனிரத்தினத்துக்கு ஏக சந்தோஷம். பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

கோவிந்தம்மாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, கிண்ணத்தின் அடிப்பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தார். கீழே சின்னதாக ஒரு கண்ணாடி வைத்திருந்தோம், அடி தெரிவதற்காக. அதில் அடியும் பளபளவென்றுதான் தெரிந்தது.

"அடியில இருந்த துணி எங்க மேடம்? தனியா எடுத்து வெச்சிட்டீங்களா?"

அது வேர்தான் அம்மா, சுத்தம் செய்யும்போது போய்விட்டது என்றேன்.

"வேரு எங்கனா ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு மாறி மாறிப் போவுமா மேடம்?" கோபமில்லாமல்தான் கேட்டார். "மூணு நாளு ஊட்ல வெச்சிகினு இருந்தனே. தறில குந்துன கண்ணு, சும்மா இருக்குமா? நகம் வெச்சு எண்ணிகூடப் பாத்தேன். ஓரத்துல ரெட்ட இழ போட்டுக் கரை கட்டியிருந்தாங்க."

அந்த நிமிடம் எனக்குத் தொட்டியில் மிதந்த நார் கண்முன் வந்தது. அதில் ஒரு துண்டு, குச்சியால் கிளறியபோது, சின்னக் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்தேன்.

எத்தனை இழை எண்ணினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பையில் பேனா இருந்தது. நோட்டும் இருந்தது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, பின்னால் ஆட்கள் முட்டினார்கள். ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆபீஸில் யாரைக் கேட்பது, ஆபீஸே நான்தான். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். முனிரத்தினம் மட்டும் திரும்பி வந்து, கிண்ணம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டெபுடி டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டைத் திருத்தட்டுமா என்று கேட்டேன்.

"விடும்மா. போனது போச்சு. நீயா எழுதிக் குடுத்து மெமோ வாங்கிக்கப் போறியா?"

அவர் தடுத்தார் என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன்

நான் ரிட்டயர் ஆகி இரண்டாவது வருடம் ஒரு பெண் ஆராய்ச்சியாளர் போன் செய்தார். தாழிகளில் கிடைத்த துணித் தடயங்களைப் பற்றி ஊர் ஊராகப் பட்டியல் எடுக்கிறாராம். இந்த வட்டாரத்தில் ஒரு இடம்கூடத் தேறவில்லை, உங்கள் கிண்ணம் ஒன்றைத்தான் நம்பியிருந்தேன், கார்டில் புல்வேர் என்று இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன், ஒரு தடவை உறுதி செய்துகொள்ளத்தான் கூப்பிட்டேன் என்றார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னமோ அன்று சொல்ல முடியவில்லை. அது வேர் இல்லை, துணி, நான்தான் கரைத்துவிட்டேன் என்றேன். அந்தப் பெண் திட்டவில்லை, அழுத்தமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று யாராவது எங்காவது குறித்து வைத்திருக்கிறார்களா? அது இருந்தால் போதும், நூல் எவ்வளவு நைசு, எப்படிப்பட்ட தறி என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்றார்.

எண்ணியவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். அடுத்த நாளே திருத்தணியிலிருந்து ஆட்டோ பிடித்துக் கே.ஜி.கண்டிகைக்குப் போனேன்.

முனிரத்தினம் கடலைக் காட்டில் இருந்தார். கோவிந்தம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, சிங்க், கார்டு, அன்று கூடத்தில் நான் சொன்ன பொய். மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எத்தனை இழை என்று கேட்டபோதுதான் கீரையை முறத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்குக் கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேன் மேடம். கண்ணுலயே நின்னுகினு இருந்திச்சு. எங்க பாவாகிட்டகூட அப்பச் சொன்னேன், அவருக்கு ஏது நெனப்பு. அப்புறம் எத்தினி துணி பாத்துட்டேன். எது அந்தத் துணி, எது நான் நெய்ஞ்ச துணின்னு இப்ப எனக்கே தெர்ல."

உத்தேசமாக ஒரு எண் சொன்னால்கூடப் போதும் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது.

"வாணாம் மேடம். நான் உத்தேசமா சொல்லுவேன், நீங்க எழுதிகினு போயிடுவீங்க. அப்புறம் அதான் நெசம்னு ஆயிடும். ஏற்கெனவே ஒரு தப்பு எழுதி வெச்சிருக்கீங்க, நான் இன்னொண்ணு சேக்கலாமா?"

நிச்சயமாகச் சொல்லக்கூடியது இரண்டே இரண்டு என்றார். இழை ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போனது. ஓரத்தில் இரட்டை இழையில் கரை இருந்தது. அந்த இரண்டை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

முப்பது வருடம் சம்பளம் வாங்கிய எனக்கு இல்லாத ஒழுங்கு அந்த வாசலில் இருந்தது. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பொருளைக் கொண்டுவந்து கொடுப்பவர் உங்களுக்கு முன்பே அதைப் பார்த்தவர். அவர் சொல்வது உங்கள் பாடத்தோடு ஒத்துப் போகாவிட்டாலும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அவருடைய பேரோடு. பிறகு சந்தேகப்பட்டுக்கொள்ளலாம். தொட்டியில் எப்போது வேண்டுமானாலும் போடலாம், கரைந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது அந்தக் காட்சிக் கூடத்தில் பொறுப்பில் இருக்கும் அதிகாரி நல்ல மனிதர். பழைய கார்டைக் கிழிக்கக் கூடாது, திருத்தச் சீட்டு ஒன்று எழுதி இணையுங்கள் என்று அனுமதி கொடுத்தார். போய் உட்கார்ந்து எழுதினேன். ஷோகேஸில் கிண்ணம் இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

புல்வேர் என்று எழுதியது தவறு, அது நெய்த துணி என்று முதல் வரி. கோவிந்தம்மாள் சொன்ன இரண்டு விவரங்களும் அடுத்து. பார்த்தவர் என்ற இடத்தில் கோவிந்தம்மாள், நெசவாளர், கே.ஜி.கண்டிகை. இழை எண்ணிக்கை என்ற இடத்தில், தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நேரமின்மை என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, எண்ணியவர் எதிரில் நின்றார், நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.