கேஸ் செலவு யாருடையது?

பொன்னேரியில் விவாகரத்து மனு போடப் போனபோது, வக்கீல் அம்மா என் வருமானத்தைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"அப்போ கேஸ் செலவை உன் வீட்டுக்காரர் தரணும்னு மனு போடலாம்மா. முடிவு கோர்ட் கையில."

கேஸ் போடுவது நான், செலவு அவரா? பசியாவரத்துக்குத் திரும்பும் படகில் எனக்கு அதே யோசனை. ஒரு வருடமாக நான் அம்மா வீட்டில் இருக்கிறேன்; அதுவும் அதே ஊர்தான். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

"இன்னாது? என் மேல கேஸு போட நானே துட்டு குடுக்கணுமா?" என்று சிரித்தார். பிறகு வலையை உதறிப் போட்டார்.

எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் மீன் பிடிப்பார்கள். அதைப் பாடு என்போம். கல்யாணமான ஆண்களுக்குத்தான் அதில் இடம். எனக்குத் தாலி கட்டிய பிறகுதான் அவருக்கும் கிடைத்தது.

"உன்னைக் கட்டினதாலதான பாடு வந்துச்சு. வர்ற முறைக்கு எறாவ நீயே வித்து வக்கீலுக்குக் குடு."

"கேஸு முடிஞ்சா உனக்குப் பாடு இருக்குமாயா?"

"தெரியலியே. இங்க இதுக்கு முன்ன யாரு கேஸு போட்டிருக்கா, கேட்டுத் தெரிஞ்சிக்க?"

அடுத்த முறை வந்த அன்று, சொன்னபடியே இறால் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். சேர்ந்திருந்த காலமெல்லாம் அவர் பிடித்த இறாலை நான்தான் சந்தையில் விற்றேன். காசை அவரிடம் கொடுத்துவிடுவேன். அன்றுதான் முதல்முறையாக அது என் முந்தானையிலேயே தங்கியது.

வக்கீல் அம்மாவிடம் வருமானம் இல்லை என்று எப்படி அவ்வளவு சட்டென்று சொன்னேன் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.