தலையில் நசுங்கல் இல்லை

பெரியவளே, உனக்கு அப்போது ஒன்பது வயது. சின்னவனே, உனக்கு ஆறு. அம்மாவைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். சிரிக்கக் கற்றுக்கொடுத்தது நான். அதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

புதுப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் மொபெட்டில் போய்த் திரும்பினோம். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் மணல். வண்டி வழுக்கியது. அம்மா மல்லாக்க விழுந்ததில் பின்தலை தாரில் மோதியது. ரத்தம் இல்லை. "நம்ம எங்க போறோம்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரப் பட்டறையில் எனக்கு டிங்கர் வேலை. நசுங்கிய வண்டித் தகட்டைக் கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால்தான் பள்ளம் தெரியும். நடுரோட்டில் அம்மாவின் தலையையும் அப்படித்தான் தடவினேன்.

"நசுங்கல் இல்ல. ஒண்ணும் ஆவல, எழுந்திரு."

"டாக்டராண்ட காட்டிடலாங்க."

"வீக்கமே இல்ல, இன்னாத்த காட்றது?"

அதற்குப் பிறகு கூப்பிட்டால் உடனே பதில் வராது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். நீங்கள் இருவரும் சேர்ந்து பேசினால் எழுந்து போய்விடுவாள். சோறு இரண்டு நாள் தீய்ந்தது. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று முன்பு நான் சொன்ன கோபத்தில் வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். பட்டறையில் பெயிண்டர் கேட்டான்:

"இன்னா அண்ணாத்த, வூட்ல எப்டி கீறாங்க?"

"பெயிண்ட்டு கூட போவல. வேலைக்கு டிமிக்கி குடுத்துகினு கீறா."

அவன் சிரித்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு.

ஒரு நாள் சாயந்திரம் அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். சட்டென்று காதைப் பொத்தினாள். "பாத்தீங்களா, காது நல்லாத்தான் கேக்குது. அம்மா நல்லா நடிக்கிறா, இல்ல?" என்று உங்களைக் கேட்டேன். அப்புறம் அது உங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பின்னால் நின்று "அம்மா" என்று கூப்பிட்டு, அவள் திரும்பும்வரை ஒன்று, இரண்டு எண்ணிச் சிரிப்பீர்கள்.

"கேக்குதுடா. நீ இன்னா சொன்னேன்னுதான் பொறவு தெரியுது" என்றாள் உங்களிடம். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் மாமாதான் பிடிவாதமாகச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வாயால் நடிப்பு என்று வரட்டும் என்றே நானும் கூடப் போனேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

அப்புறம் இன்னொரு டெஸ்ட். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். நடுநடுவே வேறு சத்தம் வரும். அந்த வேறு சத்தத்தை மட்டும் மனதுக்குள் எண்ண வேண்டும். முடிந்ததும் டெஸ்ட் எடுத்த பெண் கோடுகளைக் காட்டினாள்.

"அண்ணா, சத்தம் உள்ள போறதுல தகராறு இல்ல. 'இது வேற சத்தம்'னு மூளை கண்டுபிடிக்கும்போது ஒரு அலை எழும்பும். இவங்களுக்கு அது லேட்டா வருது, சின்னதா வருது. தலையில அடிபட்டா சிலருக்கு இப்படி ஆகும்."

"வேணும்னே லேட்டாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அது எப்படிண்ணா முடியும்?"

அம்மா பக்கத்தில்தான், முடியெல்லாம் பசையோடு உட்கார்ந்திருந்தாள். என் கேள்வி அவளுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இதைக் கேக்கத்தான் கூட வந்தீங்களா?"

அவள் முடியில் இருந்த பசையைத் துடைக்கத் துணி தேடினேன்.

நல்ல ஓய்வு வேண்டும், சத்தம் ஆகாது, சரியாக மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் உங்களைத்தான் திட்டினேன். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாயா என்று சின்னவனே, உன் முதுகில் ஒன்று வைத்தேன். யார் பேச்சைக் கேட்டுச் சிரித்தாய் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள், அம்மா தூங்கினாள். வாசலுக்குப் போய் இரும்பு கேட்டின் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். மெதுவாகத் திறந்து பார்த்தேன். கீச்சென்றது. இன்னும் நாலு சொட்டு விட்டு, சத்தம் வராமல் போகும்வரை திறந்து திறந்து மூடினேன்.