குருக்களின் முழங்கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் சவுண்டு கடைக்கு வருகிறவர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயரையோ கிழிந்த ஸ்பீக்கரையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். புஷ்பவதி டீச்சர் கைப்பையோடு மட்டும் வந்தார். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் என்னைக் கேட்டார்:

“தம்பி, நான் பேசுறது உங்களுக்குப் புரியுதா?”

“புரியுது டீச்சர்.”

“ஒவ்வொரு வார்த்தையும்?”

“எல்லாமே புரியுது.”

“அப்போ கோளாறு பெட்டியிலதான்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் ஒரு அம்மன் கோவிலில் பல வருடங்களாக மைக் அவர் கையில்தான். அன்னதானம் எப்போது, இன்றைக்கு யாருடைய உபயம், எந்தக் கார் வழியை மறித்து நிற்கிறது, எல்லாம் அவர் குரலில்தான் வரும். போன திருவிழாவில் ஒரு பெண் குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோனது. யாரோ தூக்கி வந்து டீச்சரிடம் விட்டார்கள். டீச்சர் குழந்தையின் பெயரையும் கவுன் நிறத்தையும் திரும்பத் திரும்ப மைக்கில் சொன்னார். தாய் வரவில்லை. அந்தத் தாய் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் கீழேதான் அழுதுகொண்டு நின்றிருக்கிறார். மைக்கில் ஏதோ சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது, என்ன என்று விளங்கவில்லை. கடைசியில் ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தபோதுதான் தாய் கண்டுபிடித்தார். நேராக டீச்சரிடம் போய், “மைக்கப் புடிச்சா புரியிற மாதிரி பேசுங்க” என்று எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டார்.

டீச்சர் அப்போதுதான் பல் செட் கட்டியிருந்தார். பல் கட்டியதிலிருந்து பேச்சு குழறுகிறது, அடுத்த திருவிழாவுக்கு வேறு ஆளைப் போடுவோம் என்று கோவில் தலைவர் கமிட்டியில் சொல்லிவிட்டார்.

“கிளாஸ்ல கடைசி பெஞ்சு வரைக்கும் மைக் இல்லாம கேட்ட குரல் தம்பி இது” என்றார் டீச்சர். அவர் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பெட்டிக்குள் நடந்த வைத்தியம்

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். மண்டபத்துக்குள் இரண்டு பெட்டி, வெளி முற்றத்தைப் பார்த்து இரண்டு பெட்டி. ஒவ்வொன்றிலும் கீழே ஊஃபர், மேலே ஹார்ன். ஊஃபர் மேளத்தின் அடியைப் பார்த்துக்கொள்ளும். மனிதன் பேசும்போது வார்த்தையைப் பிரித்துக் காட்டும் கூர்மை ஹார்னிலிருந்துதான் வரும். ஆம்ப்பிலிருந்து வரும் சத்தத்தை இரண்டாகப் பிரித்து யாருக்கு எது என்று பங்கு போடுவது கிராஸ்ஓவர். சாதாரணப் பெட்டியில் அது உள்ளேயே இருக்கும்: ஒரு பலகையில் செம்புக் கம்பி சுற்றிய காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர். தனியாகக் கரண்ட் தேவையில்லாத அமைப்பு என்பதால் பாசிவ் என்கிறோம்.

பெட்டிகளைத் திறந்து பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன்றில் ரெசிஸ்டர் சூடாகிப் பலகையே கருகியிருந்தது. இன்னொன்றில் எவரோ கையில் கிடைத்த கெப்பாசிட்டரைப் போட்டுப் பசை ஊற்றியிருந்தார்கள். மூன்றாவதில் ஹார்னுக்குப் போகும் வயரே அறுந்து கிடந்தது. தாய் அழுதுகொண்டு நின்றது அந்தப் பெட்டிக்குக் கீழேதான். அதில் வெறும் ஊஃபர் மட்டும் முனகிக்கொண்டிருந்திருக்கிறது.

தலைவர் லோரி தொழில் செய்கிறவர். கோவிலுக்காக ஓடி ஓடி உழைக்கிற மனிதர், ஆனால் ஸ்பீக்கரை லோரி எஞ்சின் மாதிரி நினைப்பவர்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு பாஸ். பாட்டுப் போட்டா நெஞ்சு அதிருது லா.”

“நெஞ்சு அதிருது தலைவரே, வார்த்தை வரல. பலகையக் கழட்டிட்டு ஆக்டிவா மாத்திடலாம்.”

“அதெல்லாம் வேணாம். டீச்சருக்கும் வயசாச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்.”

டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தார். “எனக்கு எப்ப ரெஸ்ட்டுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

தலைவர் தலையைச் சொறிந்தார். “சரி, மாத்திப் பாரு. வெள்ளிக்கிழமை பூசையில கேப்போம். சரியில்லன்னா பழையபடி மாட்டிடணும். மைக்குக்கும் வேற ஆளு. அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து பேசக் கூடாது.”

ஆக்டிவ் என்றால்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆக்டிவ் முறையில் பங்கு போடுவது ஆம்ப்புக்கு முன்னாலேயே நடந்துவிடும். மைக்குகளைச் சேர்க்கும் மிக்சரிலிருந்து வரும் சின்ன சிக்னலை ஒரு தனி கிராஸ்ஓவர் பெட்டி இரண்டாகப் பிரிக்கும். கீழ்ச் சத்தம் ஒரு ஆம்ப்புக்கு, மேல் சத்தம் இன்னொரு ஆம்ப்புக்கு. ஊஃபரும் ஹார்னும் அவரவர் ஆம்ப்போடு நேரடியாக இணையும். நடுவில் காயில் இல்லை, கருகுவதற்கு ரெசிஸ்டர் இல்லை. எங்கே பிரிப்பது, ஹார்ன் எவ்வளவு பேசுவது என்பதை வெளியில் இருந்தே குமிழைத் திருப்பி வைக்கலாம்.

நான் போட்டது அனலாக் கிராஸ்ஓவர். ஏன் டிஜிட்டல் போடவில்லை என்று இப்போதும் கேட்கிறார்கள். கோவிலில் எல்லார் கையும் படும். ஒரு மெனுவுக்குள் இன்னொரு மெனு இருக்கும் பொருளை அங்கே வைத்தால் என் போன் ஓயாது. அனலாக்கில் குமிழை ஒருமுறை சரியாக வைத்தேன், மேலே தகரம் போட்டு ஸ்குரூ அடித்து மூடினேன், முடிந்தது.

இன்னொரு விஷயம். ஹார்னை ஆம்ப்போடு நேராக இணைத்தால் அதன் உயிர் ஆம்ப்பின் கையில். யாராவது வயரை மாற்றிக் குத்தினால் ஒரே நொடியில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். அதனால் ஒவ்வொரு ஹார்னுக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டுவிடுவேன். அது பங்கு போடுவதற்கில்லை, காவலுக்கு. ஆக்டிவ் என்றால் நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது என்று வீடியோ பார்த்துவிட்டு வாதாட வருகிறவர்களிடம், புது ஹார்ன் யார் வாங்கித் தருவது என்று மட்டும் கேட்பேன்.

டியூன் செய்யப் பாட்டுப் போடவில்லை. டீச்சரை உட்காரவைத்து நாளிதழைப் படிக்கச் சொன்னேன். நான் செருப்பு வைக்கும் இடத்தில் நின்று கேட்டேன். ஹார்னின் பிளஸ் மைனஸை ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். தலைகீழாக இருந்தபோது குரலின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது, சரியாக மாட்டியதும் நிரம்பியது. டீச்சர் விலைவாசி செய்தியைப் படித்துக்கொண்டே நடுநடுவே அமைச்சர்களைத் திட்டினார். அதுவும் தெளிவாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை

அன்று சாயங்காலம் டீச்சர் மைக்கில் வணக்கம் சொன்னதும், முற்றத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை தூக்கிப் பார்த்தார்கள். பேசி முடிக்கும் வரை தலைவரும் குறை சொல்ல வரவில்லை. அதை நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

பூசை நெருங்கியது. டீச்சர் மைக்கை மூடினார். மண்டபம் அமைதியானதும் ஹார்னிலிருந்து மெல்லிய “ஸ்ஸ்ஸ்” ஒன்று கேட்டது. பழைய பெட்டியில் ரெசிஸ்டர் அதை விழுங்கிவிடும். இப்போது ஆம்ப்பின் சொந்த இரைச்சல் நேராக ஹார்னுக்குப் போகிறது. இதைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே குருக்கள் தீபத்தட்டை ஏந்திக்கொண்டு சன்னதிச் சுவரோரம் வந்தார். இரண்டு கையிலும் வேலை இருந்ததால், சுவரில் இருந்த சுவிட்சை முழங்கையால் இடித்தார்.

“டொம்ம்.”

நான்கு பெட்டியும் சேர்ந்து வெடித்தன. ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். குருக்களின் தட்டில் கற்பூரம் ஆடி, ஒரு துண்டு தரையில் விழுந்து எரிந்தது. தீபாராதனை முடிந்து அவர் முழங்கையால் சுவிட்சை மறுபடி தட்டியதும் இன்னொரு “டொம்ம்.”

நடந்தது இதுதான். அந்தச் சுவிட்ச் சவுண்டு சிஸ்டத்துக்கான முழு மெயின். பழைய ஆம்ப்பும் மிக்சரும் ஒரே பெட்டி, மெயினை அணைத்தால் சத்தமில்லாமல் தூங்கிப்போகும். இப்போது கிராஸ்ஓவர் தனி, ஆம்ப் தனி. மெயின் போனதும் கிராஸ்ஓவர் முதலில் சாகிறது. சாகும்போது ஒரு உதை உதைக்கிறது. ஆம்ப்புக்குள் இன்னும் கரண்ட் மிச்சம் இருப்பதால் அந்த உதையைப் பெரிதாக்கிப் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறது. மறுபடி போடும்போதும் அதே உதைதான். கெப்பாசிட்டர் போட்டிருந்ததால் ஹார்ன்கள் பிழைத்தன. அதை அங்கே யாரிடம் சொல்ல முடியும்?

பூசை முடிந்ததும் குருக்கள் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். அன்று அவர் குரல் நடுங்கியது.

“முதல்ல பாம்பு சீறற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வேட்டு. அம்பாள் முன்னாடி வேட்டு வெப்பாளா?”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “போதும் பாஸ். பழையத மாட்டிடு.”

டீச்சர் மைக்கை ஸ்டாண்டில் நேராக வைத்து, வயரைச் சுருட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டார். என் வேலை கெட்டுப்போனதால் அவர் குரலுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

“சாமி, தீபாராதனையப்போ அந்தச் சுவிட்சத் தொடாம இருக்க முடியுமா?” என்று கேட்டேன். “மைக்க மூடிட்டா போதுமே.”

“எனக்குக் கையில தீபம் இருக்கு. மைக்க மூடினாளா இல்லையான்னு எட்டிப் பாத்துண்டு நிக்க முடியுமா? அந்த நேரத்துல மணியும் மேளமும்தான் கேக்கணும். மெஷின் மூச்சு விடப்படாது. நான் வந்த நாளா இப்படித்தான் பண்றேன்.”

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கமான மருந்து உண்டு. சுவிட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டி “தொடாதே” என்று எழுதிவிடுவோம். டேப் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? அந்த “ஸ்ஸ்ஸ்” எனக்கே கேட்டதே. டேப்பை எடுக்கவில்லை.

“தலைவரே, இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை குடுங்க” என்றேன்.

தலைவர் வாயைத் திறப்பதற்குள் குருக்கள் சொன்னார்: “குடுங்கோ. டீச்சர் பேசினது இன்னிக்கு கர்ப்பகிரகத்துக்குள்ள எனக்கே கேட்டுது. இத்தனை வருஷத்துல கேட்டதில்ல. அந்த வேட்ட மட்டும் எடுத்துடச் சொல்லுங்கோ.”

குருக்கள் சொன்ன பிறகு தலைவரால் மறுக்க முடியவில்லை.

அதே சுவிட்ச்

சுவிட்சை நகர்த்தவில்லை. அதே சுவர், அதே உயரம், அதே முழங்கை. பின்னால் இருந்த வயரை மட்டும் மாற்றினேன். சிஸ்டத்துக்கு வரும் மெயினை மிக்சர் மேசைக்குக் கொண்டுபோய், பூட்டும் சாவியும் போட்டேன். அங்கே கிராஸ்ஓவர் முதலில் எழும், ஆம்ப் கடைசியில் எழும். அணைக்கும்போது ஆம்ப் முதலில் தூங்கும். குருக்களின் சுவிட்சுக்கு இனி ஒரு சின்ன அடாப்டர் மட்டும்தான் சொந்தம். அந்த அடாப்டர் சில ரிலேக்களை, அதாவது கரண்ட் இருக்கும்வரை மூடியிருக்கும் சின்ன சுவிட்சுகளை, பிடித்துக்கொண்டிருக்கும். ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் வயர்கள் எல்லாம் அந்த ரிலேக்கள் வழியாகத்தான் போகின்றன. சுவிட்சை அணைத்தால் ரிலே விட்டுவிடும், பெட்டிக்கும் ஆம்ப்புக்கும் தொடர்பே அறுந்துபோகும். உதையும் இல்லை, சீறலும் இல்லை. மைக் மட்டும் மூடியிருக்கும் நேரத்தில் அந்த “ஸ்ஸ்ஸ்” கேட்காமல் இருக்க ஹார்ன் வரிசையில் ஒரு ரெசிஸ்டரும் சேர்த்தேன். பலகையைக் கழற்றி எறிந்தவன் நான்தான், அதிலிருந்த ஒன்றைத் திரும்பப் போட்டவனும் நான்தான். கௌரவம் பார்த்தால் சத்தம் சரியாகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோவிலுக்குள் சாமியைப் பார்க்கவில்லை. குருக்களின் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது போய் இடித்தது. டக் என்ற சுவிட்சின் சத்தம் மட்டும். பிறகு மணி, மேளம், நாதஸ்வரம். மறுபடி டக். டீச்சர் மைக்கைத் திறந்து, பிரசாதம் வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்து எந்த வேலைக்குப் போனாலும் முதலில் நான் ஆம்ப்பைப் பார்ப்பதில்லை. சிஸ்டத்தை அணைக்கிறவர் யார், எப்போது அணைக்கிறார், எதற்காக அணைக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் டெஸ்டரையே எடுக்கிறேன். அவர் பழக்கத்தை நான் மாற்ற முடியாது. வயரை மாற்ற முடியும்.

திருவிழா வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேறு ஆள் பேச்சை யாரும் எடுக்கவில்லை, ஆனால் தலைவரும் பல் விஷயத்தை வாபஸ் வாங்கவில்லை. ரதம் திரும்பி வரும் நேரம். வாசலில் ஒரு வெள்ளை பிக்அப் வழியை மறித்து நின்றது. டீச்சர் நிறத்தையும் நம்பரையும் ஒரே ஒரு முறை சொல்லி, “ரதம் காத்திருக்கிறது, தயவுசெய்து வண்டியை எடுக்கவும்” என்றார். மேளமும் கூட்டமும் ஒரே இரைச்சல். கடைசிக் கூடாரத்தில், எல்லாருக்கும் பின்னால் இலை முன் உட்கார்ந்திருந்த தலைவர், சோறு பிசைந்த கையோடு எழுந்து ஓடினார்.

வண்டியை நகர்த்திவிட்டு வியர்வையோடு திரும்பி வந்தவர் என் பக்கத்தில் நின்றார். மேலே பெட்டியைப் பார்த்தார். தூரத்தில் டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சர் பல்ல மாத்திட்டாங்களா?” என்று கேட்டார்.

“அதே பல்லுதான் தலைவரே.”

அவர் கையைக் கழுவப் போனார். வழியில் டீச்சரின் மேசையில் நின்று, ஒரு தண்ணீர் போத்தலைத் திறந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.