ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி

இது எனக்கு நடந்தது. விசாரணையில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அங்கே பாதியில் போதும் என்றுவிட்டார்கள்.

நீருக்கடியில் மறைந்து வருகிறவர்களை வெப்பக் கேமராவில் கண்டுபிடிப்பது என் வேலை. ஆள் தெரியமாட்டான். அவன் விடும் மூச்சு குமிழியாக மேலேறும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீரையும் இழுத்து வரும். திரையில் அது கறுப்புப் புள்ளி. ஒரு மூச்சு, ஒரு புள்ளி.

அன்று, நாங்கள் முன்பின் பார்த்திராத ஒரு கப்பல் நிறுத்தும் துறையில் கேமராவுக்குச் சோதனை. முக்குளித்தவர் என் தங்கை கணவர்.

“மச்சான், இந்தக் கேமராவை உங்க தங்கச்சிக்குக் காட்டிடாதீங்க. அவளும் ஒண்ணு வாங்கிடுவா.”

சொல்லிவிட்டு ஏணி வழியாக இறங்கினார். மாலை 5.50. சிலிண்டரில் நாற்பது நிமிடக் காற்று.

5.51. முதல் புள்ளி. ஐந்து வினாடிக்கு ஒன்றாக மேற்குச் சுவரை நோக்கிப் போயின. 6.05க்குச் சுவரருகே ஒரே இடத்தில் வரத் தொடங்கின.

ஏணியருகே காத்திருந்த படகுக்காரர் ரேடியோவில் கூப்பிட்டார்.

“ஏணியில யாரோ தட்டற மாதிரி இருக்கு.”

“குமிழி வருதா?”

“இல்ல.”

“மாப்பிள்ளை மேற்குச் சுவர்கிட்ட இருக்காரு. நல்லா மூச்சு விடறாரு. தட்டறது உங்க ஓட்டைப் படகா இருக்கும்.”

சிரித்தோம்.

6.31. “சத்தம் நின்னுடுச்சு,” என்றார்.

6.40. காற்று தீர்ந்து பத்து நிமிடம். புள்ளிகள் நிற்கவில்லை…

படகை மேற்கே அனுப்பினேன். தரை தட்டியது. படகுக்காரர் இறங்கி நின்றார்.

“முழங்கால் தண்ணிதான்யா. கீழ சிமெண்ட்டு. இங்க எப்படி ஆள் இருப்பான்?”

திரையில் அவர் உடம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு புள்ளி.

ஐந்து வினாடி…

இன்னொன்று. அவர் காலருகே.

“ஏறுங்க,” என்றேன். “படகுல ஏறுங்க.”

6.52. திரை வெறுமையானது.

மாப்பிள்ளையை ஏணியடியில் எடுத்தார்கள். சிலிண்டர் பட்டை முதுகுப்பக்கம், கைக்கு எட்டாதபடி, படியில் சிக்கியிருந்தது. கையில் கத்தி. ஏணிக் கம்பியெங்கும் தட்டிய தழும்புகள்.

தங்கை ஒன்றுதான் கேட்டாள். “நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, அண்ணா?”

சிலிண்டரோடு இணைந்த அவருடைய கைக்கடிகாரம் ஒவ்வொரு மூச்சையும் பதிவு செய்திருந்தது. ஒன்பது மீட்டர் ஆழம். ஏணியடி. கடைசி மூச்சு 6.31. அதுவரை, மேற்குச் சுவரருகே நான் பார்த்த புள்ளிகளும் அவர் மூச்சுகளும் வினாடி பிசகாமல் பொருந்துகின்றன.

அதற்குப் பிறகும் இருநூற்று ஐம்பத்திரண்டு புள்ளிகள் வந்திருக்கின்றன.